ரேஷன் கடை ராகி வாங்கலாமா? தர்மபுரி அட்டைதாரர்களுக்கு ஒரு மதிப்பீடு

அரிசி அட்டைக்கு மாதம் 2 கிலோ அரிசியைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கியது. விலை கிடையாது. 2025-26ஆம் ஆண்டுக்குக் கேழ்வரகுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தாலே பையில் விழுவது ஏறக்குறைய நூறு ரூபாய்ச் சரக்கு.

வாங்க வேண்டும் என்பதுதான் எங்கள் முடிவு. தானியம் நல்லது. சுத்தம் செய்யக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அளவு போதவே போதாது. இவற்றை விரிவாகப் பார்ப்பதற்கு முன், இரண்டு கிலோ ராகிக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். 2015-16 ஆய்வில் இது 30.9 ஆக இருந்தது. அதே 2019-21 ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எடை ஏறிக்கொண்டிருக்கிறது, ரத்தத்தில் இரும்பு இல்லை. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. ஏழை என்றால் ஒல்லியாகத்தான் இருப்பார் என்ற பழைய எண்ணத்தை வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது.

பணக்கார நாடான அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். 2017-18இல் அங்கே வயது வந்தவர்களில் 42.4 சதவீதம் பேருக்கு உடல் பருமன். அதுவும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண், 30ஐத் தாண்டியவர்களை மட்டும் எண்ணி. நம் ஊர் ஆய்வு 25இலிருந்து எண்ணுகிறது என்பதால் இரண்டு சதவீதங்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. அங்கே 2011-14 கணக்கில், வறுமைக் கோட்டை ஒட்டியும் அதற்குக் கீழேயும் வாழும் பெண்களில் 45.2 சதவீதம் பேருக்கும், வசதியான பெண்களில் 29.7 சதவீதம் பேருக்கும் பருமன் இருந்தது. ஆண்களிடம் இப்படிச் சீராக இறங்கவில்லை. கீழ்த்தட்டில் 31.5, நடுத்தட்டில் 38.5, மேல்தட்டில் 32.6. ஆகவே வறுமை வந்தால் எடை ஏறும் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. வறுமை எந்த வழியாகச் சாப்பாட்டுத் தட்டுக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் வழி விலை. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும், இரண்டு வாரம் சாதாரணப் பொருள்களில் சமைத்த உணவும் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். அப்படியிருந்தும் ஆலை உணவு கிடைத்த நாள்களில் ஒருவர் தினம் 500 கலோரிபோல அதிகம் சாப்பிட்டார். இரண்டே வாரத்தில் எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. அந்த ஆய்விலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. தினம் 2,000 கலோரி என்று வைத்தால், ஒரு வாரத்துக்கு ஆலை உணவுக்கான பொருள்செலவு 106 டாலர், சமைத்த உணவுக்கு 151 டாலர். எடையை ஏற்றும் உணவுதான் அங்கே மலிவு. அதைச் சமைக்க நேரமும் அடுப்பும்கூடத் தேவையில்லை.

இரண்டாவது, உதவி எந்த வடிவத்தில் வருகிறது என்பது. அங்கே ஏழைகளுக்கான உணவு உதவி ஓர் அட்டையில் பணமாக ஏறுகிறது. சுடச்சுடச் சமைத்த சாப்பாட்டை அந்த அட்டையில் வாங்க முடியாது. குளிர்பானம், சிப்ஸ் வாங்கலாம். சில மாநிலங்கள் அண்மையில்தான் அதைத் தடுக்கத் தொடங்கியிருக்கின்றன. பல வீடுகளில் மாதக் கடைசி வருவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. அப்போது எது மலிவோ அதுதான் சாப்பாடு. ஏழைகள் வாழும் பகுதியில் பெரிய மளிகைக் கடை திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. கடைகளைத் திறந்து பார்த்ததில், மக்கள் புதிய கடைக்குப் போனார்கள், பழைய பொருள்களையே வாங்கினார்கள். 2019இல் வெளியான ஒரு பெரிய பொருளாதார ஆய்வு இதை விரிவாகக் காட்டியது.

நம் மாவட்டத்தில் உதவி பணமாக வருவதில்லை, பொருளாகவே பையில் விழுகிறது. அதனால் எந்தப் பொருளைக் கொடுப்பது என்ற ஒரே முடிவு லட்சக்கணக்கான அடுப்பங்கரைகளைத் தொடுகிறது. ரேஷன் பொருள்களை ஒரு ரூபாய்க்கு எத்தனை கலோரி என்று கணக்கிட்டால் இது பளிச்சென்று தெரியும். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு லிட்டரில் சுமார் 8,200 கலோரி, அதாவது ரூபாய்க்கு 325க்கு மேல். சர்க்கரை கிலோ 25 ரூபாய், ரூபாய்க்கு 160. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். ரூபாய்க்கு 110 அளவில். அரிசிக்குக் காசே இல்லை. இதோடு காய்கறியை ஒப்பிடுங்கள். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை வீழ்ந்து கிலோ 10 ரூபாய்க்கு விற்கும் நாளில்கூட ரூபாய்க்கு 20 கலோரிதான். பத்து ரூபாய்க் கீரைக்கட்டை ஆய்ந்து எடுத்தால் மொத்தமாக 100 கலோரி தேறாது. கூலி வாங்கிய கையோடு வீட்டுக்குச் சாமான் வாங்கும் ஒருவர் எண்ணெய், சர்க்கரை, அரிசி பக்கம் சாய்வதில் சோம்பேறித்தனமோ அறியாமையோ இல்லை. விலை அப்படித் தள்ளுகிறது. அந்தப் பையில் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் எதிர்த் திசையில் வைத்த ஒரே புதுப்பொருள் ராகி. அதனால்தான் இதை இவ்வளவு கவனமாக எடைபோடுகிறோம்.

இனி தானியத்துக்கு வருவோம். நல்ல ரேஷன் ராகி செம்பழுப்பு நிறத்தில், கையில் அள்ளினால் சரசரவென்று விரலிடுக்கில் நழுவ வேண்டும். சாம்பல் பூத்ததுபோல் இருந்தாலோ, மூட்டையில் கைவிட்டு முகர்ந்தால் ஈரச் சாக்கு வாடை அடித்தாலோ வாங்காதீர்கள்; வேறு மூட்டையிலிருந்து போடச் சொல்லிக் கேட்கலாம். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் பொட்டென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. கொள்முதல் செய்த தானியம் என்பதால் மண், பொடிக்கல், உமி, களை விதை கலந்திருப்பது சகஜம். இரண்டு கிலோவில் 100 கிராம்வரை கழிந்து போகலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் பாக்கெட் மாவுக்குப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். முதலில் முறத்தில் புடைத்து உமியையும் தூசியையும் போக்க வேண்டும். பிறகு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கல் அரிக்க வேண்டும்: பாத்திரத்தைச் சாய்த்து மெல்ல ஆட்டி, மேலே வரும் தானியத்தை இன்னொரு பாத்திரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால் கல் அடியில் தங்கும். ராகி மணி சின்னது, கல்லும் அதே அளவில் இருக்கும். ஆகவே ஒருமுறை போதாது, மூன்று முறையாவது அரிக்க வேண்டும். கழுவிய தண்ணீர் தெளிந்ததும் துணியில் வடித்து, மெல்லிசாகப் பரப்பி, நல்ல வெயிலில் ஒருநாள் முழுக்கக் காயவையுங்கள். மார்கழி, தை மாதத்தில் இரண்டு நாள் பிடிக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை மில்லுக்குக் கொண்டுபோனால் மாவு கல்லில் ஒட்டும், ஒரு வாரத்தில் பூசண வாடை வரும்.

மாவு மில்லில் இரண்டு தொல்லைகள். சிறு அளவு என்றால் சிலர் அரைக்கத் தயங்குவார்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் ராகியைப் போட்டால் களியே காரமாகும். அக்கம்பக்கத்து வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து மொத்தமாகக் கொண்டுபோவதும், வேறொருவர் ராகி அரைத்த உடனே கொடுப்பதும் இரண்டுக்கும் தீர்வு. மாவு சூடாக வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி கட்டும். துணியில் விரித்து ஆறவைத்து அடைத்தால் மூன்று நான்கு வாரம் தாங்கும். அதற்குமேல் கசப்பு தட்டும். முழுத் தானியமோ வருடக்கணக்கில் கெடாது. ஆகவே சேர்த்து வைப்பதென்றால் தானியமாக வையுங்கள், ஒரு மாதத்துக்கு மட்டும் அரையுங்கள். சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடாதீர்கள். வாங்கிய சத்தில் பெரும்பகுதி அதில்தான் போகும்.

நான்கு பேருக்குக் களி கிண்ட: மாவு 440 கிராம், நொய் 100 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், உப்பு ஒரு தேக்கரண்டி. தண்ணீர் கொதித்ததும் நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். தீயைக் குறைத்து, மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்டக் கூடாது. களிக் கோலால் நடுவில் ஒரு துளை போட்டு மூடிவிட்டால், கஞ்சி அந்தத் துளை வழியே மேலேறி மாவைச் சுற்றிக் கொதிக்கும். ஏழெட்டு நிமிடம் கழித்து, மேலே நிற்கும் கஞ்சியைக் கொஞ்சம் ஒரு டம்ளரில் வடித்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கீழே இறக்கி அசையாமல் அழுத்திப் பிடித்து வேகமாகக் கிண்ட வேண்டும். இறுகினால் வடித்த கஞ்சியைத் திரும்ப ஊற்றலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் களி விண்டுபோகும். இன்னும் மூன்று நிமிடம் சிறு தீயில் மூடிவைத்து, ஈரக் கையால் உருட்டுங்கள். ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, ஒட்டினால் வேகவில்லை. பிட்டுப் பார்க்கும்போது உள்ளே வெள்ளை மாவுக் கட்டி இருந்தால் இரண்டு காரணம்தான்: கொதி அடங்கிய தண்ணீரில் மாவைப் போட்டிருக்கிறீர்கள், அல்லது துளை வழியே கஞ்சி ஏறும்முன் கிண்டிவிட்டீர்கள். வேகாத மாவு வயிற்றைப் பிடிக்கும். ராகி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது இந்த வேகாத களிதான்.

எல்லாம் சேர்த்து அடுப்பருகே முப்பது, முப்பத்தைந்து நிமிடம். ஓசூர்ப் பக்கக் கம்பெனி பஸ்ஸில் இரவு இறங்கி வரும் பெண்ணுக்கு இது லேசான நேரமில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் காசில்லாத வறுமையோடு நேரமில்லாத வறுமையையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் இதுவே. வீட்டில் இன்னொரு கை அடுப்பில் நிற்கவில்லை என்றால் ராகி டப்பாவிலேயே கிடக்கும், பத்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட் பிரியும். ஆண்கள் களி கிண்டக் கற்றுக்கொள்வது இந்தத் திட்டத்துக்கு எந்த விளம்பரத்தைவிடவும் உதவும். கிண்டுவதற்குத் தேவை தோள் வலு மட்டும்தான்.

சத்துக் கணக்கில் மிகைப்படுத்த வேண்டாம். 100 கிராம் ராகியில் 320 கலோரி, தீட்டிய பச்சரிசியில் 356. பெரிய வித்தியாசம் இல்லை. புரதம் 7.2 கிராம், அரிசியில் 7.9. நார்ச்சத்து 11.2 கிராம், அரிசியில் 2.8. சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம், அரிசியில் 8கூட இல்லை. இரும்பு 4.6 மில்லிகிராம், அரிசியில் 0.65. ஆனால் செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம், அதாவது 100 கிராமுக்கு 2.8 முதல் 4.25 மில்லிகிராம் இரும்பு சேர்க்க வேண்டும் என்பது விதி. எனவே இரும்பில் ராகி முந்துவது கொஞ்சம்தான். நாரிலும் சுண்ணாம்பிலும் எட்ட முடியாத தூரம். ராகியில் இருக்கும் இரும்பையும் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ புளிச்சகீரைக் கடைசலோ இருந்தால் கூடுதலாகச் சேரும்; சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

நான்கு பேருக்கு மேலே சொன்ன அளவில் ஒருவருக்குக் கிடைப்பது 440 கலோரிபோல, கையில் கனமான ஓர் உருண்டை. பிஸ்கட்டில் 100 கிராமுக்கே ஏறத்தாழ 450, வறுத்த சிப்ஸில் 540. எடைக்கு உதவுவது இந்த இடம்தான். சோற்றை எடுத்துவிட்டுக் களி வைத்தால் மட்டும் எடை குறையாது. சாயங்காலம் பாக்கெட்டும் இரவு பரோட்டாவும் இருந்த இடத்தில் களியும் அவரைக்காய்க் குழம்பும் வந்தால் குறையும். ராகி வந்ததும் தானாக நடக்கும் நல்ல விஷயம், அதற்குத் தொட்டுக்கொள்ள வருவது. கீரை, கொள்ளுக் கடைசல், தட்டைப்பயறு, மொச்சை என்று களி கேட்பதெல்லாம் பருப்பும் கீரையும்தான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: ரேஷன் பாமாயில் மலிவு என்று குழம்பில் தாராளமாக ஊற்றினால், ஒரு குழிக்கரண்டி எண்ணெய் அரை உருண்டைக் களியின் கலோரியைச் சேர்த்துவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில் தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். ராகி என்றாலே சர்க்கரை ஏறாது என்பது தவறான நம்பிக்கை. நைஸாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழ் வேகமாகச் செரித்து வேகமாகவே சர்க்கரையை ஏற்றும். கொரகொரப்பாக அரைத்த மாவில் கெட்டியான களி, அதுவும் ஓர் உருண்டையோடு நிறுத்தி, பாதித் தட்டைக் காயும் கீரையும் அடைத்திருந்தால் நல்லது. மாத்திரை அளவை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு என்றால் முளைகட்டிய ராகி சிறந்தது. எட்டுப் பத்து மணிநேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள் விட்டு, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். கடையில் விற்கும் ராகி மால்ட், ராகி பிஸ்கட் இதற்கு மாற்றாகாது. பொருள் பட்டியல் எடை வரிசையில்தான் அச்சாகும். முதலில் சர்க்கரையோ மைதாவோ இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான். மாம்பழக் குளிர்பானத்துக்கும் இதே கதை. கிருஷ்ணகிரித் தோப்புகளின் பெங்களூரா மாம்பழம் கூழாகி ஆலைக்குப் போய், சர்க்கரைத் தண்ணீரில் கலந்து பெட்டிக்கடைக்குத் திரும்பி வருகிறது. அந்தப் பழத்தை முழுதாகத் தின்னும் பிள்ளைக்கு நாராவது கிடைக்கும்.

குறை என்று ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கழிவும் அரைக்கும் சேதாரமும் போக 2 கிலோவில் 1.8 கிலோ மாவு தேறும். நான்கு பேர் வீட்டில் அது மாதத்துக்கு நான்கு வேளை. நான்கு வேளைச் சாப்பாட்டால் ஒரு குடும்பத்தின் எடை மாறாது, பழக்கமும் திரும்பாது. விருப்பப்பட்ட குடும்பங்களுக்கு 5 கிலோவரை மாற்றிக்கொள்ள அனுமதித்தால் வாரம் இரண்டு மூன்று வேளை என்ற நிலை வரும். சுத்தம் செய்த தானியமாகவோ மாவாகவோ கொடுத்தால் வேலைக்குப் போகும் பெண்களும் வாங்குவார்கள். மாவு என்றால் அரைத்த தேதியைப் பையில் அச்சிட வேண்டும். திட்டம் தொடங்கியபோது கிருஷ்ணகிரி பட்டியலில் இல்லை என்பதும் வருத்தம். ராகி பெருமளவில் விளையும் மாவட்டம் அது. அங்கே விளைந்ததை அங்கேயே கொடுத்தால் லாரி வாடகையும் மிச்சம்.

வாங்கும்போது ரேகை வைத்தபின் பில்லைப் பாருங்கள். கேழ்வரகு 2 கிலோ ஏறியிருக்க வேண்டும், அரிசியில் 2 கிலோவுக்குமேல் குறைந்திருக்கக் கூடாது. இருப்பு எல்லா வாரமும் இருக்காது என்பதால், அரிசி வாங்கும் முன்பே ராகி வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரிசியை முழுதாக வாங்கிவிட்டால் அந்த மாதம் மாற்றிக்கொள்வது சிரமம். தரத்திலோ எடையிலோ குறை இருந்தால் பொது விநியோகத் திட்டத்தின் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். கடை எண்ணும் பில்லும் கையில் இருக்கட்டும்.